கல்லை எடுடா தம்பி, வண்டி கிளம்பட்டும்!

மலையூரில் பழைய டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்த மாட்டார்கள். ஊரில் எவ்வளவு இடம் கிடந்தாலும் வண்டி மேட்டில்தான் நிற்கும். முகம் இறக்கத்தைப் பார்த்திருக்கும். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கருங்கல்லை அண்டக் கொடுத்திருப்பார்கள். பேட்டரி செத்துப்போன வண்டிக்கு அந்தச் சரிவுதான் ‘செல்ஃப்’. விடியற்காலையில் டிரைவர் ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, மேல் கியரைப் போட்டுவிட்டுக் குரல் கொடுப்பார்: “கல்லை எடுடா தம்பி!” கல்லை உருவிவிட்டுச் சட்டென்று ஒதுங்கி நிற்பது பையனின் வேலை. வண்டி மெல்ல உருளும். வேகம் பிடித்ததும் டிரைவர் கிளட்சை விடுவார். ஒரு குலுக்கல், ஒரு செருமல், புகைக்குழாயில் ஒரு பந்து கரும்புகை. அதன் பிறகு அந்தப் பகுதியில் யாரும் தூங்க முடியாது.

கல்லை உருவிய அந்தப் பையன்கள் இன்று பேரன், பேத்தி எடுத்துவிட்டார்கள். இப்போது கேட்டாலும் எந்த வண்டிக்கு எந்தப் பக்கம் டீசல் குழாய் ஓடும், எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள். மூன்றும் சேர்ந்து 32 மலைக் கிராமங்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, கேழ்வரகு, கொள்ளு விளைவிக்கும் மண். புளியும் பலாவும் தேனும் கீழே சந்தைக்கு இறங்கும். உப்பும் துணியும் இரும்பும் மேலே ஏறும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் டிராக்டர் பிடித்த இடம், தஞ்சாவூர் வயலில் அது பிடித்த இடத்திலிருந்து ரொம்பவே வேறுபட்டது. சமவெளியில் அது உழவு வண்டி. மலையில் அதுவே உழவு வண்டி, பார வண்டி, களத்தில் போரடிக்கும் காளை, சில நாட்களில் ஆம்புலன்ஸ்.

மலை டிரைவர்களின் இளமை நினைவுகளைக் கேட்க உட்கார்ந்தால், பாதிப் பேச்சு நெஞ்சில் இருக்கும் பிரியம், மீதிப் பாதி கையில் இருக்கும் தொழில். அந்தத் தொழிலைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது. அது எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை.

செம்பியத்திலிருந்து வந்த சிவப்பு வண்டி

இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி முறையாகத் தொடங்கிய 1961-62 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் தயாரானவை 880 வண்டிகள். இன்று ஆண்டுக்குப் பல லட்சம். அந்த 880-க்கு முன்பு ஓடியவை பெரும்பாலும் வெளிநாட்டு வண்டிகள். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற டிராக்டர்களை வைத்துக்கொண்டுதான் 1947-ல் மத்திய டிராக்டர் அமைப்பு தரிசு நிலங்களைத் திருத்தக் கிளம்பியது.

ஐஷர் நிறுவனம் 1959-ல் பரிதாபாத்தில் முதல் வண்டியை வெளியே விட்டது. தமிழ்நாட்டுக்காரர்களின் வண்டி பிறந்தது சென்னையில். அனந்தராமகிருஷ்ணன் கட்டியெழுப்பிய அமால்கமேஷன்ஸ் குழுமம், மாஸி பெர்குசனோடு கைகோத்து 1960-ல் ‘டாஃபே’ நிறுவனத்தைத் தொடங்கியது. செம்பியத்தில் தயாரான சிவப்பு நிற மாஸி 1035 வண்டிக்கு இன்ஜின் கொடுத்தது அதே குழுமத்தின் சிம்சன் நிறுவனம். 1840-ல் சென்னையில் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த அதே சிம்சன்தான். ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையில் உருவாகின. அடுத்தடுத்து மகிந்திராவின் பி-275 வந்தது. 1971-ல் பின்ஜோரில் செக்கோஸ்லோவாகியத் தொழில்நுட்பத்தில் எச்.எம்.டி. ஜீட்டர் வந்தது. 1974-ல், துர்காபூர் ஆய்வகத்தில் நம் பொறியாளர்களே வடிவமைத்த ஸ்வராஜ் வந்தது.

பணம் இருந்தாலும் வண்டி உடனே கிடைக்காத காலம் அது. விலைக்குக் கட்டுப்பாடு, 1971-ல் விநியோகத்துக்கும் கட்டுப்பாட்டு ஆணை. பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். நிலவள வங்கியில் நிலத்தை அடமானம் வைத்து வாங்கியவர்கள் பலர். தவணை தவறினால் ஜப்தி. அதனால்தான் அந்தக் காலத்து வண்டியைக் கண்ணும் கருத்துமாக வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை கழுவி, பானெட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைக்காத வண்டி கிடையாது. மாட்டுக்குக் கட்டும் அதே தோரணத்தை ஆயுத பூஜை அன்று ரேடியேட்டருக்கும் கட்டினார்கள்.

துண்டு துண்டான சரிவு நிலம் வைத்திருக்கும் மலை விவசாயிக்குச் சொந்த டிராக்டர் கட்டுப்படியாகாது. வாடகை ஓட்டம்தான் வழி. ஆடி மாத மழை இறங்கிவிட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். சாமை விதைக்க ஈரம் காத்திருக்காது. வண்டி ஒன்று, கேட்பவர்கள் இருபது பேர். ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்திலும் உழவு நடக்கும். பையன் மட்கார்டில் உட்கார்ந்து டார்ச் அடிக்க வேண்டும். தூங்கி விழாமல் இருக்க டிரைவர் பாடிக்கொண்டே ஓட்டுவார். யார் நிலத்தில் உழவோ அந்த வீட்டில் சாப்பாடு. களியும் கீரைக் கடையலும், இல்லையென்றால் சாமைச் சோறும் கொள்ளு ரசமும். சம்பளத்தை மறந்தவர்கள்கூட அந்தச் சாப்பாட்டை மறந்ததில்லை.

பனியும் டீசலும்

ஜவ்வாது மலையின் காவலூரில், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. ஊர் வெளிச்சமும் புழுதியும் எட்டாத வானம் என்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு நல்லதாக இருக்கும் மார்கழி, தை இரவு, டீசல் இன்ஜினுக்குப் பகை. குளிரில் உறைந்த வண்டியை எழுப்புவதற்கென்று ஒரு சடங்கே இருந்தது.

மாஸியில் இருப்பது பெர்கின்ஸ் வழி வந்த மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின். காற்று நுழையும் குழாயில் ‘தெர்மோஸ்டார்ட்’ என்ற சின்னக் கருவி இருக்கும். சாவியை ஒரு கட்டம் திருப்பிப் பிடித்தால் உள்ளே கம்பிச்சுருள் பழுக்கும். அதில் டீசல் சொட்டிப் பற்றிக்கொள்ளும். சூடான காற்று சிலிண்டருக்குள் போகும். இருபது வரை எண்ணிவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்ட வேண்டும். அந்தக் கருவி கெட்டுப்போன வண்டியில், குச்சி நுனியில் சுற்றிய பழந்துணியைக் கொளுத்திக் காற்றுக்குழாய் வாயில் காட்டுவார்கள். பழைய ஐஷர் ஒற்றை சிலிண்டர் வண்டி. காற்றே அதைக் குளிர்விக்கும். ரேடியேட்டருக்கு நீரூற்றைத் தேடிக் குடத்தோடு நடக்கும் வேலை அதில் மிச்சம். அதன் ‘டப்... டப்... டப்’ சத்தம் இரண்டு மலை தாண்டிக் கேட்கும். எந்த ஊரில் உழவு நடக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்த நினைவு ‘ஏர் எடுப்பது’. டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போது செங்குத்தாக ஏறினால், டீசல் ஒரு பக்கம் ஒதுங்கிக் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். நடு ஏற்றத்தில் இன்ஜின் நிற்கும். பிரேக்கை அழுத்தி, கல் வைத்து, டீசல் ஊற்றிவிட்டு இறங்கினால் ஒரு மணி நேர வேலை. முதலில் ஃபில்டர் தலையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும். ஃபீடு பம்ப் அடியில் இருக்கும் நெம்புகோலை விரலால் மேலும் கீழும் அசைக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, கடைசியில் சுத்தமான டீசல். குமிழி நின்றதும் திருகை இறுக்கிவிட்டு அடுத்தது பம்ப், அதற்கடுத்தது நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டு. அவசரப்பட்டு ஒரு குமிழியை உள்ளே விட்டுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தவன், அழுத்தம், அடைப்பு, ஓட்டம் எல்லாவற்றையும் விரல் நுனியில் கற்றுக்கொண்டது இந்த வேலையில்தான்.

ஸ்பானர் விஷயம் தனிக் கதை. மாஸிக்கும் மகிந்திராவுக்கும் அங்குலக் கணக்கு நட்டுகள். ஜீட்டருக்கும் ஸ்வராஜுக்கும் மில்லிமீட்டர் கணக்கு. தப்பான ஸ்பானரை எடுத்து நீட்டினால் முதுகில் விழும் ஒன்று. ஏர் கிளீனர் கிண்ணத்தில் இருக்கும் எண்ணெயை வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும். மலைப் பாதையின் செம்புழுதி கூழாகி அதன் அடியில் படிந்திருக்கும். கிண்ணத்தைப் பார்த்ததுமே டிரைவர் சோம்பேறியா, சுறுசுறுப்பா என்பதை முதலாளி கண்டுபிடித்துவிடுவார். நாசில் சோதனைக்கும் லேத் வேலைக்கும் திருப்பத்தூர்ப் பட்டறைக்கு இறங்க வேண்டும். கழற்றிய பாகத்தைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிய பையன்களில் பலர் அங்கேயே மெக்கானிக் ஆனார்கள்.

சரிவு கற்றுக்கொடுத்தது

டிராக்டரின் பெரிய கண்டுபிடிப்பே ஒரு விபத்தைத் தடுக்கப் போய் வந்ததுதான். கொக்கி மாட்டி இழுக்கும் கலப்பை பாறையில் சிக்கினால், அந்தக் காலத்து வண்டி முன்பக்கம் தூக்கி ஓட்டியவர் மேலேயே கவிழும். அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் இதற்கு வழி தேடினார். கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு பிணைத்து, ஹைட்ராலிக் விசையால் தூக்கி இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். கலப்பை சிக்கினால் டாப் லிங்க் எனும் மேல் இணைப்பு வழியாக வரும் விசை முன்சக்கரத்தைத் தரையில் அழுத்தும். மண் இறுகினால் ஹைட்ராலிக் தானே கலப்பையைக் கொஞ்சம் உயர்த்தும். எடை குறைந்த வண்டியாலும் ஆழ உழ முடிந்தது இதனால்தான். அவருடைய சாம்பல் நிற டி.இ.20 வண்டிகள் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் தயாராகின. சக்கரத்துக்குச் சங்கிலிப் பட்டை மாட்டிய அதே வண்டிகளோடு எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தை அடைந்தார். அந்தக் குடும்பத்தின் அடுத்த வாரிசு மாஸி 35. செம்பியத்து 1035 அதன் வழி வந்தது. தென்துருவப் பனியில் ஏறிய வண்டியின் உறவுக்காரன்தான் ஜவ்வாது மலையிலும் சாமைக் கொல்லையை உழுதிருக்கிறான்.

பெர்குசனின் ஏற்பாடு கலப்பை சிக்கும் ஆபத்தைத் தீர்த்தது. சரிவின் ஆபத்து டிரைவரின் தலையில்தான் விழுந்தது. மலை டிரைவரின் முதல் பாடம் பிரேக். பழைய வண்டியில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் பெடல்கள். வயலில் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். சாலைக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துக் கொக்கி போட்டாக வேண்டும். மறந்துவிட்டு இறக்கத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால், வண்டி குறுக்கே திரும்பிப் பள்ளத்தைப் பார்க்கும். “கொக்கி போட்டியாடா?” என்று கேட்டுவிட்டுத்தான் மூத்த டிரைவர்கள் சாவியையே கொடுத்தார்கள்.

இரண்டாவது பாடம் கியர். ஏறிய கியரிலேயே இறங்கு, நியூட்ரலில் ஒருபோதும் விடாதே. டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால், பின்னால் இருக்கும் பாரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ரொம்பச் செங்குத்தான மேட்டில் ரிவர்ஸில் ஏறுவது மூன்றாவது பாடம். எடை மேட்டுப் பக்கம் இருக்கும்போது வண்டி மல்லாக்கக் கவிழாது. மரம், கல் இழுக்கும்போது சங்கிலியைத் தாழ்வான கொக்கியில் மாட்ட வேண்டும். உயரத்தில் கட்டினால் முன்சக்கரம் தூக்கும். அப்படித் தூக்கிய வண்டி பின்புறமாகக் கவிழ இரண்டு நொடிகூட ஆகாது. குதிக்க நேரம் இருக்காது. புது டிராக்டர்களில் கவிழும்போது ஓட்டுபவரைக் காக்கும் சட்டகம் இருந்தாக வேண்டும் என்று ஸ்வீடன் 1959-லேயே கட்டாயமாக்கியது. நம் ஊர் வண்டியில் வெயிலுக்குப் போட்ட தகரக் கூரைதான் இருந்தது. இனிமையான நினைவுகளைச் சொல்லும்போதே மலை டிரைவர்கள் சற்று நிறுத்தி, இழந்த சிநேகிதர்களின் பேரைச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கலப்பை மேல் பாரத்துக்காகச் சிறுவர்களை நிற்க வைத்த பழக்கமும், டிரெய்லரில் ஆட்களை ஏற்றிய பழக்கமும் எத்தனை உயிரைக் குடித்திருக்கின்றன என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டிரெய்லரில் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் குற்றம்.

சரிவு உழவில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. மண் அரிக்காமல் இருக்க வேண்டுமானால் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும் என்பது வேளாண் அறிவியல். குறுக்கே ஓடினால் டிராக்டர் பக்கவாட்டில் சாயும். அதனால் டிரைவர் மேலும் கீழுமாக ஓட்டவே விரும்புவார். அப்படி உழுத சால் வழியே மழைத் தண்ணீர் மண்ணைச் சுரண்டிக்கொண்டு இறங்கும். மாடு பூட்டிய ஏருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது குறுக்கே போகும், பாறையைச் சுற்றிப் போகும், பலா மரத்தடியிலும் நுழையும். எனவே, சமவெளியில் டிராக்டர் மாட்டை விரட்டிய மாதிரி மலையில் விரட்டவில்லை. தட்டையான கொல்லைக்கு டிராக்டர், சரிவுக்கு மாடு என்று அனுபவசாலிகள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பங்கீடு பின்தங்கிய ஊரின் அடையாளம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மண்ணைப் புரிந்துகொண்டவர்கள் எடுத்த முடிவாகவே அதைப் பார்க்க வேண்டும்.

களத்துமேட்டில்

ஐப்பசி, கார்த்திகையில் சாமையும் அதற்குப் பின்னால் கேழ்வரகும் களத்துக்கு வரும். மாடுகளைப் பிணைத்துச் சுற்றவிட்டுத் தாம்படித்த இடத்தில் டிராக்டர் சுற்றத் தொடங்கியது. வட்டமாகப் பரப்பிய கதிர் மேல் முதல் கியரில், ஒரே சீராக, மணிக் கணக்கில் சுற்ற வேண்டும். ஓட்டப் பழகும் பையனுக்கு முதன்முதலில் ஸ்டீயரிங் கிடைப்பது இங்கேதான். பள்ளமும் இல்லை, எதிரே வண்டியும் இல்லை. பெண்கள் கவைக்கோலால் தாளைப் புரட்டிக்கொண்டே, “நேராப் பாத்து ஓட்டுடா!” என்று அதட்டுவார்கள். எத்தனை சுற்று என்று யாரும் எண்ணியதில்லை. இறங்கும்போது தரையே சுற்றும்.

அறுவடை முடிந்தால் டிரெய்லர் மாட்டி மூட்டை இறக்குவது. பிறகு புளி. பிறகு வீடு கட்டும் கல், மணல். கோடையில் தண்ணீர் டேங்கர். ஊர்த் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் செட். கல்யாணத்துக்குச் சீர்வரிசை. பிரசவ வலி கண்ட பெண்ணை நடு இரவில் வைக்கோல் பரப்பிக் கீழே கொண்டுபோன கதையும் மலையூர்களில் உண்டு. சாலை வசதி பிந்தி வந்த ஊர்களில் டிராக்டர் மேல் பிரியம் பிறந்தது உழவால் மட்டும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பிரியம் தமிழகத்தோடு நிற்பதும் இல்லை. இலங்கையின் வன்னியில் உழவு இயந்திரம் என்றால் பலருக்கு மனதில் வருவது மாஸிதான். இரண்டு சக்கர வண்டிக்கு அங்கே ‘லாண்ட்மாஸ்டர்’ என்று பேர். நெல் வயலில் ஓடிய அதே வண்டிகள் போர்க்காலத்தில் சனங்களை இடம் மாற்றின. பாய், பாத்திரம், கோழிக்கூடு, கிழவி, குழந்தை என்று ஒரு வீடு முழுக்க டிரெய்லர் பெட்டியில் ஏறி ஊர் ஊராகப் போனது. அங்கே வளர்ந்து, இப்போது கனடாவிலோ லண்டனிலோ இருப்பவர்களின் பேச்சில் உழவு இயந்திரம் வந்தால், உழவும் ஓட்டமும் சேர்ந்தே வரும்.

கற்றவர்கள் இருக்கும்போதே

இப்போது சின்ன நிலத்துக்கு ஏற்ற பவர் டில்லரும் மினி டிராக்டரும் வந்துவிட்டன. வேளாண் பொறியியல் துறை டிராக்டரை மணிக் கணக்கில் வாடகைக்குத் தருகிறது. 2018-ல் வந்த உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். 2025-ல் அமெரிக்க ஏஜிகோ நிறுவனத்துடன் டாஃபேக்கு இருந்த வழக்குகள் சமரசத்தில் முடிந்து, இந்தியாவில் மாஸி பெர்குசன் என்ற பேர் டாஃபேக்கே உரிமையானது. பழைய 1035-க்கு உதிரி பாகம் இன்னும் கிடைப்பதால், நாற்பது வருட வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பல வண்டிகளுக்கு இரண்டு முறை இன்ஜின் பிரித்துக் கட்டியாகிவிட்டது. பெயின்ட் மட்டும் போய்விட்டது.

கிராமப்புற இளைஞர்களுக்கு டிராக்டர் ஓட்டவும் பழுது பார்க்கவும் அரசு பயிற்சி தருகிறது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பயிற்சிக் களங்கள் சமதளமானவை. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955-லேயே டிராக்டர் பயிற்சி நிலையம் வைத்த நாடு இது. மலைச்சரிவில் வண்டி ஓட்டுவதற்கென்று ஒரு பாடத்தைச் சேர்ப்பது பெரிய காரியமா? புதூர்நாட்டிலும் ஜமுனாமரத்தூரிலும் ஒரு சரிவுக் கொல்லையை எடுத்துக்கொண்டு, முப்பது நாற்பது வருடம் ஓட்டிய டிரைவர்களைச் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக உட்கார வைக்கலாம். பிரேக் கொக்கி, ரிவர்ஸ் ஏற்றம், தாழ்வான சங்கிலி, எந்தக் கொல்லைக்கு மாடு, எந்தக் கொல்லைக்கு வண்டி என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, படம் பிடித்து வைக்கலாம். அவர்களில் பலருக்கு எழுபது வயது ஆகிவிட்டது. அடுத்த ஆடிப் பட்டத்துக்கு முன்பே தொடங்கினால் நல்லது.